ஊசியைத் திருப்பிப் போட்டவள்

என் வலைப்பூவுக்கு ஒரு நாளில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை ஒரு நோட்டில் குறித்து வந்தேன். கணினியே அந்தக் கணக்கை வைத்துக்கொள்ளும்தான். ஆனாலும் கையால் எழுதினால்தான் எனக்கு நம்பிக்கை வரும். முதல் இரண்டு மாதங்களில் அந்த நோட்டில் நான்கு, ஆறு, மூன்று என்றே இருக்கும். அதில் ஒன்று நான். பதிவு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கப் போவேன், பார்த்ததும் கணக்கில் ஏறிவிடும். அதைக் கழித்து மிச்சத்தைப் பக்கத்தில் எழுதுவேன்.

பகலில் நான் ஒரு தையல் ஆலையில் செக்கர். தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் ஆறு முதல் எட்டு வரை தொழிற்பயிற்சிக் கூடத்தில் தையல் மெஷின் பழுதுபார்க்கும் வகுப்பு. வகுப்பில் நடந்ததை மறுநாளே வலைப்பூவில் எழுதிவிடுவேன். உண்மையைச் சொன்னால், எழுதுவதற்கு ஏதாவது வேண்டும் என்றுதான் வகுப்பிலேயே சேர்ந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஓவர்லாக் அக்காவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

ஓவர்லாக் அக்கா வேறொரு ஆலையில் ஒன்பது வருடமாகத் துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவர். இரண்டு பிள்ளைகளையும் பள்ளியிலிருந்து கூட்டிவந்து வீட்டில் விட்டுவிட்டு, தலையைக்கூட வாராமல் வகுப்புக்கு ஓடி வருவார். எனக்கு 'டைரி' என்று பெயர் வைத்தது அவர்தான்.

"டைரி, இந்தத் தடவ என்னை நல்லா எழுது. போன தடவ நான் திட்டினத மட்டும் எழுதிட்டே."

"நீங்க அன்னைக்கு வேற எதுவும் பண்ணலையே அக்கா."

"அப்போ அழகா திட்டினேன்னு எழுது."

எங்களுடையது முதல் நிலை வகுப்பு. அது முடியும் தறுவாயில் இருந்தது. இரண்டாம் நிலையில்தான் மோட்டாரும் மின்னணுப் பலகையும் சொல்லித் தருவார்கள். அதை முடித்தால்தான் மெக்கானிக் என்று யாரும் மதிப்பார்கள். அக்காவின் ஆலை மெக்கானிக் வேறு ஊருக்குப் போகப்போகிறார். இரண்டாம் நிலையில் சேர்ந்ததற்கான கடிதத்தைக் காட்டினால் அந்த இடத்தை அக்காவுக்கே தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். ஆனால் பயிற்சிக் கூடத்தில் ஒரு விதி. பதினைந்து பேர் சேர்ந்தால்தான் இரண்டாம் நிலை நடக்கும். இல்லாவிட்டால் அந்த அறையை அழகுக்கலை வகுப்புக்குக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் பதினொரு பேரில் ஆறு பேர்தான் விண்ணப்பம் கொடுத்திருந்தார்கள். நான் கொடுக்கவில்லை. எனக்கு மெக்கானிக் வேலைக்குக் கை வராது என்பது எனக்குத் தெரியும்.

மெஷினில் ஒரு வருட அனுபவம் இருந்தால் வெளியாட்களும் நேரடியாக இரண்டாம் நிலையில் சேரலாம். அதனால் வகுப்பில் ஒரு யோசனை வந்தது. கார் சீட்டுக்கு உறை தைக்கும் ஒரு அண்ணன் எங்களோடு படித்தார். அவர்தான் சொன்னார்: "ஷிஃப்ட் விடற நேரத்துல ஒவ்வொரு ஆலை வாசல்லயும் நின்னு நோட்டீஸ் குடுப்போம். ஆளுக்கு ரெண்டு வாசல்."

நான் எழுந்து, அதற்குத் தேவையிருக்காது என்றேன்.

வகுப்பில் அதுவரை நான் எழுந்து நின்று பேசியதே இல்லை. பேசியதற்குக் காரணம் அந்த நோட்டு. இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, வழக்கமாக ஐந்தோ ஆறோ இருக்கிற இடத்தில் 212 என்று வந்திருந்தது. எண்ணும் கருவி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். செவ்வாய்க்கிழமை 240. வியாழக்கிழமை 287. அன்றிலிருந்து குறையவே இல்லை.

ஏன் என்று நான் முறையாக ஆராய்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் வருவதில்லை. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை யாருமில்லை. மாலை நாலரைக்கு மேல் சுத்தமாக இல்லை. ஆக, என் வாசகர்கள் அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள், சாப்பாட்டு நேரத்தில் படிக்காத ஒழுக்கம் உள்ளவர்கள் என்று எழுதி வைத்தேன். அவர்களுக்கு வசதியாகக் காலை எட்டே முக்காலுக்குப் பதிவை ஏற்றினேன். மழை பெய்த மாலையைப் பற்றி எழுதிய அன்று 310 பேர், அடிநூலைத் தாங்கும் பாபின் கேஸைப் பற்றி எழுதிய அன்று 270 பேர். அதனால் மழையைப் பற்றி இன்னும் மூன்று பதிவுகள் எழுதினேன். ஒவ்வொருவரும் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று காட்டும் கட்டம் ஒன்றும் உண்டு. அதில் நான்கு நொடி என்று இருந்தது. என் நடை அவ்வளவு எளிமையாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

"ஒரு நாளைக்கு முந்நூறு பேர் படிக்கிறாங்க. அதுல நூத்துக்கு மூணு பேர் வந்தாலே ஒன்பது பேர். பதிவோட கடைசியில வகுப்பப் பத்திப் போடறேன். நீங்க வாசல்ல நிக்க வேணாம்" என்றேன்.

"முந்நூறா?" என்றார் சீட் கவர் அண்ணன். "எங்க கல்யாணத்துக்கே அவ்வளவு பேர் வரலையே."

ஓவர்லாக் அக்கா என்னைப் பெருமையாகப் பார்த்தார். நோட்டீஸ் யோசனை அத்தோடு போயிற்று.

என் பதிவால் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ண வேண்டுமே என்று, பயிற்சிக் கூடத்து கிளார்க்கிடம் கெஞ்சி விண்ணப்பத்தில் ஒரு கேள்வியைச் சேர்க்க வைத்தேன். 'இந்த வகுப்பைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?'

"ஏம்மா, ஒருத்தர் வந்து சேர்றதே பெரிய பாடு. இதுல எப்படி வந்தேன்னு வேற கதை எழுதணுமா?" என்று அலுத்துக்கொண்டுதான் தட்டச்சு செய்தார்.

இரண்டு வாரம் ஆகியும் புதிதாக ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. கடைசி நாளுக்குப் பத்து நாள் இருந்தபோது கிளார்க் என்னைக் கூப்பிட்டார். அழகுக்கலை வகுப்புக்குக் கண்ணாடி மாட்ட ஆள் வந்து சுவரை அளந்துவிட்டுப் போனதாகச் சொன்னார். நான் பதறவில்லை. முந்நூறு பேர் படிப்பதைக் காட்டும் வரைபடத்தை அச்சடித்துக் கொண்டுவந்து காட்டுகிறேன், கடைசி நேரத்தில் எல்லோரும் வருவார்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் சனிக்கிழமை, எனக்கு அரை நாள்தான் வேலை. அச்சடிக்க என் அண்ணன் வேலை பார்க்கும் இடத்துக்குப் போனேன். அது அரசாங்க விண்ணப்பங்களைப் பொதுமக்கள் தாங்களே கணினியில் நிரப்பும் மையம். ஒரு நீளமான கூடம், இரண்டு வரிசையாகப் பதினெட்டு கணினிகள். அண்ணன் டோக்கன் கொடுப்பான், ஆளை உட்கார வைப்பான், எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்று ஒரு நாளைக்கு இருநூறு முறை சொல்வான். நான் போனபோது அச்சு இயந்திரத்தில் சிக்கிய தாளை இழுத்துக்கொண்டிருந்தான்.

"ஏழாம் நம்பர் காலியா இருக்கு, உக்காரு. வந்துடறேன்" என்றான் திரும்பாமலே.

ஏழாம் நம்பர் கணினியைத் திறந்தேன். என் வலைப்பூ வந்தது.

அண்ணன் எனக்கு முன்னால் இங்கே உட்கார்ந்து படித்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். மனசு குளிர்ந்துபோனது. அப்போது எட்டாம் நம்பரில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மடியில் ஹெல்மெட். கணினியைத் திறந்தார். அங்கேயும் என் வலைப்பூ வந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. கண் எதிரில் பறக்கும் ஈயை ஓட்டுவதுபோல மூடிவிட்டு வேலையைப் பார்த்தார்.

ஆறாம் நம்பரில் இருந்த பெண் என் பக்கம் சாய்ந்தாள். "இது என்னவோ வந்து நிக்குது. எப்படிங்க மூடறது?"

மூலையிலிருந்த குறியைக் காட்டினேன். அவளுக்குப் பிடிபடவில்லை. நானே கையை நீட்டி என் வலைப்பூவை மூடிக் கொடுத்தேன். அவள் நன்றி சொன்னாள்.

இருபது நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என் வாசகர்களை அன்றுதான் முதன்முதலாக நேரில் பார்த்தேன். வந்தவர்கள் இருபத்து மூன்று பேர். இருபத்து மூன்று பேரும் மூடினார்கள். ஒருவர் மட்டும் அன்றைய தலைப்பை வாய்விட்டுப் படித்தார். "'மழையும் மோட்டாரும்'. சரி, எங்கயோ தப்பா வந்துட்டோம்" என்று அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் ஓடிவந்து, "அது ஒன்னும் இல்ல சார், மூடிட்டு கீழ இருக்கறத அழுத்துங்க" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பிறந்தநாள் பரிசைப் பிரிப்பதற்கு முன்பே நான் கண்டுபிடித்துவிட்டதுபோல.

தண்ணீர் வடிகட்டி இருக்கும் மூலைக்கு என்னைக் கூட்டிப்போனான்.

"பாத்துட்டியா? நானா சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

"எப்போலேர்ந்து?"

"ரெண்டு மாசம் ஆகுது. நீ அன்னைக்கு சாப்பிடும்போது சொன்னே இல்ல, நாலு பேராவது படிச்சா நல்லா இருக்கும்னு. எங்கிட்ட பதினெட்டு மெஷின் இருக்கே. எதத் திறந்தாலும் மொதல்ல உன் பக்கம்தான் வரணும்னு போட்டு வச்சேன். நடுவுல ரெண்டு தடவ பராமரிப்பு ஆளுங்க வந்து மாத்திட்டாங்க. நான் விடல. திரும்ப உக்காந்து பதினெட்டுலயும் போட்டேன்."

"நீ படிச்சியா?"

அவன் யோசித்தான். "படிச்சேன்னு சொன்னா, எதப் பத்தின்னு கேப்பே."

"கேப்பேன்."

"அப்போ படிக்கல." காகிதக் குவளையில் தண்ணீர் பிடித்து என்னிடம் நீட்டினான். "கோவமா பாப்பா?"

கோபப்படத்தான் பார்த்தேன், வரவில்லை. பதினெட்டு கணினிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து என் முகவரியை எழுத்து எழுத்தாக அடித்திருக்கிறான். அதுவும் மூன்று முறை. வகுப்பு, பதினைந்து பேர், ஓவர்லாக் அக்கா, மேனேஜர் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். கேட்கக் கேட்க அவன் கண்கள் தரையைப் பார்த்தன. "எடுத்துடறேன்" என்றான். "இப்பவே எடுத்துடறேன்."

வரைபடத்தை அச்சடிக்காமலே வீட்டுக்கு வந்தேன். நோட்டை எடுத்து, அந்தத் திங்கட்கிழமையிலிருந்து முந்தைய நாள் வரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்தேன். மையத்திலிருந்து வந்தவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சியவர்கள் வாரத்துக்குப் பதினொரு பேர்.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்குவதற்கு முன் எல்லோரிடமும் சொன்னேன். சொல்வதை வீட்டில் ஏழு வரியாக எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். மூன்றாவது வரியிலேயே மறந்துவிட்டது.

"அப்போ முந்நூறு பேர்னு சொன்னது?" என்றார் சீட் கவர் அண்ணன்.

"பதினெட்டு மெஷின் அண்ணே."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அக்காவைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். ஓவர்லாக் அக்கா தன் மேஜைக்குப் போய், ஏற்கெனவே இறுக்கமாக இருந்த ஒரு திருகை இன்னும் இறுக்கினார். இரண்டு மணி நேரமும் என் பக்கம் திரும்பவில்லை. எட்டு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு என் மேஜை அருகே வந்து நின்றார்.

"வகுப்பு உறுதின்னு எங்க மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன் டைரி."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் ஆலைக்குப் போகிற பஸ்ஸில் மிஞ்சிய அந்தப் பதினொரு வாசகர்களை ஃபோனில் எடுத்துப் பார்த்தேன். வேறு செய்வதற்கு எதுவும் இல்லை. அவர்களில் ஒருவர்கூட மழைக்காக வரவில்லை. பெரும்பாலும் எல்லோரும் ஒரே ஒரு பதிவுக்குத்தான் வந்திருந்தார்கள். அது முதல் மாதம் எழுதியது. வெட்கத்தில் அதை அழித்துவிட நினைத்து, பின்பு மறந்துபோயிருந்தேன்.

அந்தப் பதிவில் எழுதியது இதுதான். ஒரு மாலை எனக்குக் கொடுத்த மெஷினில் தையல் விட்டு விட்டு விழுந்தது. நூலை மாற்றினேன், பாபினை மாற்றினேன், அடியில் சுழலும் ஹூக்கையே கழற்றினேன். ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து வகுப்பு எடுக்கும் மேடம் வந்து, ஊசியை மட்டும் கழற்றித் திருப்பிப் போட்டார். மெஷின் ஓடியது. தொழிற்சாலை ஊசியின் ஒரு பக்கத்தில் நீளமாக ஒரு பள்ளம் இருக்கும். எங்கள் மெஷினில் அது இடப்பக்கம் பார்க்க வேண்டும். நான் வலப்பக்கம் பார்க்கப் போட்டிருந்தேன்.

அந்தப் பக்கத்துக்கு இதுவரை வந்தவர்கள் எண்பத்து மூன்று பேர். ஒவ்வொருவரும் ஐந்து, ஆறு நிமிடம் இருந்திருக்கிறார்கள். எல்லோரும் ஃபோனில். நேரம் காலை பத்து இருபது, பதினொன்றே முக்கால், மதியம் மூன்று பத்து. எதைத் தேடி வந்தார்கள் என்பதும் இருந்தது. 'தையல் விட்டு விட்டு வருது என்ன செய்ய.' அதைப் படித்தபோது எனக்கு ஆட்கள் தெரிந்தார்கள். நின்றுபோன மெஷின் முன்னால், மெக்கானிக் வருவதற்குள், மேஜைக்கடியில் ஃபோனை வைத்துக்கொண்டு படிக்கிறவர்கள். அவர்கள் தைத்ததில்தான் நான் தினமும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன்.

புதன்கிழமை அந்தப் பக்கத்தைத் திறந்து ஓவர்லாக் அக்காவிடம் நீட்டினேன். வாங்கமாட்டார் என்று நினைத்தேன். வாங்கி முழுதாகப் படித்தார்.

"ஒன்றரை மணி நேரமா கழட்டினே?"

"ஒன்னே முக்கால்."

அக்கா சிரித்துவிட்டார். சிரிக்கக் கூடாது என்று இருந்திருக்கிறார், அது முகத்தில் தெரிந்தது. "எங்க லைன்ல போன வாரம் ஒருத்தி இதேதான் பண்ணா. மெக்கானிக் வர்ற வரைக்கும் சூப்பர்வைசர் அவ தலைமாட்டுலயே நின்னான்."

"மெஷின் நின்னா நீங்க ஃபோன்ல என்னன்னு போட்டுத் தேடுவீங்க அக்கா?"

"நானா? 'நூல் கொத்து கொத்தா அடியில சிக்குது'ன்னு போடுவேன்."

அதை அப்படியே எழுதிக்கொண்டேன். "அப்படிச் சிக்கினப்போ நீங்க என்ன தப்பு பண்ணியிருந்தீங்க?"

"நான் ஏன் தப்பு பண்றேன்? ஒன்பது வருஷ சர்வீஸ்."

நான் பேனாவை மூடவில்லை. அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். ஓவர்லாக்கில் இல்லை, சாதாரண மெஷினில். துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டை இறக்காமலே தைத்திருக்கிறார். இறக்காதது தெரியாமல் நூலின் இழுவையை அரை மணி நேரம் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"என்னைப் பத்தின்னு போடாதே."

"உங்க பேர் போட மாட்டேன் அக்கா."

"ஓவர்லாக்னும் போடாதே. எங்க ஆலையில எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடும்." கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தார். "சரி, போடு. தெரிஞ்சாத்தான் வருவாங்க."

அன்றிரவே அது ஏறியது. தலைப்பு அக்கா சொன்ன அதே சொற்கள். அடியில் வகுப்பைப் பற்றி மூன்று வரி, கடைசி நாள் வரும் திங்கட்கிழமை, மாலை ஆறு மணி. அக்கா அதைத் தன் லைன் பெண்களின் ஃபோன் குழுவில் தானே போட்டார். 'இது நான்தான். சிரிக்கிறவங்க வந்து சேருங்க' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார்.

அதற்குப் பிறகு எல்லோரிடமும் அவரவர் செய்த தப்பைக் கேட்டு அலைந்தேன். சீட் கவர் அண்ணன், மோட்டார் கம்பியை மாற்றிக் கொடுத்து மெஷினைப் பின்பக்கமாக ஓட்டிய கதையைச் சொன்னார். அன்று முழுக்க நூல் அறுந்துகொண்டே இருந்ததாம், அவர் நூல் விற்ற கடைக்காரரோடு சண்டைக்குப் போயிருக்கிறார். மேடம் மட்டும் மசியவில்லை. அவர் எங்களைவிடப் பத்து வயதுதான் பெரியவர். பகலில் ஒரு மெஷின் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் வேலை. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து விளக்கை அணைக்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஒரு ஆலைக்குப் போயி காலையிலேர்ந்து மதியம் வரைக்கும் ஒரு மெஷின முழுசா பிரிச்சு, சுத்தம் பண்ணி, மாட்டி, ஓட்டிக் காட்டினேன். பிரமாதமா ஓடுச்சு. அது கெட்டுப் போகவே இல்ல. கெட்டுப் போனது பக்கத்து மெஷின்."

"யாரும் சொல்லலையா மேடம்?"

"சுத்தி நின்னு பாத்துட்டு இருந்தாங்க. நான் ஏதோ பெருசா பண்றேன்னு நினைச்சுட்டாங்களாம்." சாவியைப் பையில் போட்டார். "எழுதிக்கோ. ஆனா சிரிப்பு வர்ற மாதிரி எழுதாதே."

எப்படி எழுதினாலும் சிரிப்புத்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் சோபாவில் படுத்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மையத்தில் என் பக்கத்தை எடுத்த மறுநாள் ஒரு முதியவர் அதைக் கேட்டாராம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நெட் வருதா இல்லையான்னு பாக்க அவருக்கு அது வசதியா இருந்துச்சாம்" என்றான். பிறகு ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்: "அந்தப் பள்ளம் வலப்பக்கம் இருந்தா ஏன் தைக்க மாட்டேங்குது?"

ஊசியில் நூல் வளையமாக நிற்பதையும், ஹூக்கின் முனை வந்து அதைப் பிடிப்பதையும் அவனுக்கு விரலை வைத்து விளக்கினேன். இரண்டு முறை கேட்டான். இரண்டு முறையும் சொன்னேன். அவ்வளவு தெளிவாக எனக்கே தெரியும் என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை ஆலையில் ஒரு மணி நேரம் முன்னதாக அனுமதி வாங்கிக்கொண்டு பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். ஓவர்லாக் அக்கா எனக்கு முன்பே வந்து, கிளார்க்கின் ஜன்னலுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருடைய லைனிலிருந்தே இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். விண்ணப்பம் மொத்தம் பதின்மூன்று ஆகியிருந்தது. கிளார்க்குக்கு நான் சேர்க்கச் சொன்ன கேள்வி இப்போது பிடித்துப்போயிருந்தது. பதில்களை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

"'நூல் கொத்தா சிக்கினவங்க சொன்னாங்க.' இதோ இன்னொன்னு. 'நல்லா இருந்த மெஷின ரிப்பேர் பண்ண மேடத்தைப் பாக்க வந்தேன்.' இதெல்லாம் ஒரு பதிலா?"

ஐந்தே கால். ஐந்தரை. அக்கா தன் ஃபோனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார். மேனேஜர் மறுநாள் காலை கடிதம் கேட்டிருந்தார்.

"டைரி, நீ எப்போ சேரப் போறே?"

"நான் சேர்ந்தாலும் பதினாலுதான் அக்கா."

"அதக் கேக்கல."

"எனக்குக் கை வராது. ஊசியவே திருப்பிப் போட்டவ நான்."

"ஊரெல்லாம் போயி ஆளுக்கொரு தப்பு வாங்கிட்டு வந்தே. அவங்க எல்லாரும் சேர்ந்திருக்காங்க." அக்கா ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஐந்து நாற்பதுக்கு ஒரு பெண் படியேறி வந்தாள். என் வயதுதான் இருக்கும். கழுத்தில் ஆலையின் அடையாள அட்டை, சட்டைத் தோளில் நூல் துணுக்குகள். மூச்சு வாங்க ஜன்னலருகே நின்று கேட்டாள்: "ஊசியத் திருப்பிப் போட்ட பொண்ணு இங்க படிக்கறாங்களா?"

கிளார்க், அக்கா இருவரும் ஒரே நேரத்தில் என்னைக் காட்டினார்கள்.

அவள் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். "நான் வேற மாதிரி நினைச்சிருந்தேன்."

"எப்படி?"

"இன்னும் கொஞ்சம் அசடா."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பெண் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு மாதம் முன்பு தன் மெஷினில் தையல் விட்டு விட்டு வந்ததையும், சூப்பர்வைசர் வந்து நின்றதையும், கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் அங்கே என் பதிவைப் படித்ததையும் சொன்னாள். "முழுசா படிச்சேன். கடைசி வரைக்கும் நீ என்னதான் தப்பு பண்ணேன்னு சொல்லவே மாட்டேன்னுட்டே. எனக்கு அங்க அவசரம். வெளிய வந்து ஊசியப் பாத்தா, வலப்பக்கம்."

"ஓடுச்சா?"

"ஓடுச்சு. நீ எப்படிக் கண்டுபிடிச்சேன்னு சூப்பர்வைசர் கேட்டான். எனக்குத் தெரியும்னேன்." அதைச் சொல்லும்போது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நேத்து திரும்ப உன் பக்கத்துக்குப் போனப்போ இந்த வகுப்பப் பாத்தேன். மோட்டார்னா எனக்கு பயம். ஆனா நீ இருப்பேல்ல. பக்கத்துல என்னை மாதிரி தப்பு பண்ற ஆள் ஒருத்தி இருந்தா தைரியமா இருக்கும்னு வந்தேன்."

எனக்குக் கை வராது என்ற வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை இவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் கை வராததை நம்பித்தான் இவள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்.

"இருப்பேல்ல?" என்றாள் மறுபடியும்.

"எங்கிட்ட ஃபார்ம் இல்லையே" என்றேன்.

ஓவர்லாக் அக்கா தன் பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து என் மடியில் வைத்தார். நான்காக மடித்து, மடிப்பு நைந்து போயிருந்தது. பல நாளாகவே அது பையில் இருந்திருக்க வேண்டும்.

இரண்டு பேரும் ஜன்னல் பலகையில் வைத்து நிரப்பினோம். கிளார்க்கிடம் இருந்தது ஒரே பேனா. ஒரு வரி அவள், ஒரு வரி நான். கடைசிக் கேள்வியில் அவள் எழுதினாள்: 'ஊசியைத் திருப்பிப் போட்டவள் எழுதியதைப் படித்து.' பேனாவை என்னிடம் கொடுத்தாள். நான் சேர்க்கச் சொன்ன கேள்வி அது. அதற்கு என்ன பதில் வரும் என்று வீட்டில் உட்கார்ந்து பலவிதமாக யோசித்திருக்கிறேன், நானே எழுத வேண்டிவரும் என்று மட்டும் யோசித்ததில்லை.

'என் வாசகி சொல்லி' என்று எழுதினேன்.

கிளார்க் இரண்டு தாளையும் வாங்கி, மற்ற பதின்மூன்றோடு சேர்த்து ஒரு முறை எண்ணினார். சந்தேகம் வந்து இன்னொரு முறை எண்ணினார். பிறகு என் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வாசகியா? அது யாரும்மா?"

"இவங்கதான்" என்றேன்.

"ஒரே ஒரு ஆளா?"

"இப்போதைக்கு" என்றார் ஓவர்லாக் அக்கா. "மொதல்ல அந்த லெட்டர அடிங்க. எனக்கு நாளைக்குக் காலையில வேணும்."